பென்சில் கோடு

ஃபோர்ட் பகுதியில் ஒரு மில் ஆபீஸின் கம்ப்யூட்டர் அறைக்கு அவர் பொறுப்பாளர். மாட்டுங்காவிலிருந்து வருவார். வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். அந்த நாளில் புரோகிராம் என்பது துளையிட்ட அட்டைகளின் கட்டு. சோதனைக்கு ஒரு கட்டு, நிஜ வேலைக்கு ஒன்று. நிஜக் கட்டின் மேல்விளிம்பில் குறுக்கே பென்சில் கோடு இழுத்திருப்பார். ஓர் அட்டை மாறினாலும் கோடு அறுந்து காட்டிக்கொடுக்கும்.

புரோகிராம் எழுதும் என்னைக் கண்டாலே கோட்டைத்தான் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள், தானே பூட்டிவைத்த நிஜக் கட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"சாவி உங்ககிட்டதானே சார் இருந்தது? யார் மேல சந்தேகம்?"

"நேத்திக்கு இதைக் கட்டினது யாரு?"

"நீங்கதான்."

"அதான் பாக்கறேன்."

கோடு அறுந்திருந்தது. கட்டும்போது சோதனை அட்டை ஒன்று உள்ளே சேர்ந்திருந்தது. ரிஜிஸ்டரில் 'தவறு செய்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதி என்னிடம் நீட்டினார்.

"சரியா எழுதியிருக்கேனான்னு பாத்துக் கையெழுத்துப் போடுங்கோ."

பழைய பக்கங்களைப் புரட்டினேன். எல்லாத் தவறுக்கும் அவர் பெயர்தான். அவற்றில் இரண்டு, அவர் டீ குடிக்கப் போனபோது நான் அட்டையை மாற்றியதால் வந்தவை.

அது அவருக்குத் தெரியுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.