நான் மாற்றிச் சொன்ன முடிவு

எண்பதுகளில் அமெரிக்காவில், மில்பிடாஸ் என்ற ஊரில் ஒரு சர்க்யூட் போர்டு ஃபேக்டரியில் சால்டரிங் வேலை பார்த்தேன். பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசரைப் பார்த்துக் கை தூக்க வேண்டும். அவன் தலையாட்டினால்தான் போகலாம்.

லைப்ரரியில் எடுத்த பழைய அமெரிக்க நாவல் ஒன்றை, லஞ்ச் நேரத்தில் என் அசெம்பிளி லைன் பெண்களுக்கு ஓட்டை இங்கிலீஷில் சொல்லிவந்தேன். துணி மில்லில் பாடுபடும் பெண்களின் கதை. தொடர்கதை படித்தே வளர்ந்தவள் நான். முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு டிபன் பாக்ஸை மூடிவிடுவேன். பக்கத்து சீட் மெக்ஸிகோக்காரி தினமும் என்னைத் திட்டுவாள்.

கடைசி அத்தியாயத்தில், நோயாளித் தோழிக்காக எழுந்து நின்ற நாயகியை மில்லைவிட்டுத் துரத்துகிறார்கள். மற்றவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாரும் எழுந்து நின்றார்கள்" என்று மாற்றிச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் எங்கள் லைனில் இருந்த கர்ப்பிணி கை தூக்கினாள். சூப்பர்வைசர் முடியாது என்றான். மெக்ஸிகோக்காரி சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஒவ்வொருத்தியாக லைன் முழுக்க எழுந்தது. கதை சொன்ன நான்தான் கடைசி.

அவன் வழிவிட்டான். அதற்கப்புறம் பாத்ரூம் போக அங்கே யாரும் கை தூக்கவில்லை.