மாதங்கி மதினி முன்சீட்டில் ஏறின நாள்

எங்க மாதங்கி மதினிக்கு வண்டி ஆகாது. பஸ்ஸுல ஏறினா குமட்டல், டாக்ஸியில ஏறினா வாந்தி. இந்தப் பெங்காலி ஊர்ல டாக்குரியாவுக்குக் குடிவந்து முப்பது வருஷம் ஆகுது. பக்கத்துல போகணும்னா நடை, தூரம்னா லோக்கல் ரயில். ஜாதவ்பூர்ல இருக்கிற என் வீட்டுக்குக்கூட ரயிலேறி அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித்தான் வருவாங்க. ரயில் மட்டும் ஒத்துக்கும். அது என்ன வயிறோ!

இந்த ஒரு காரணத்தை வச்சு அந்த மனுஷிக்கு நடந்த அநியாயத்தை நான் எங்க போய்ச் சொல்ல? என் அண்ணன் சிவலிங்கம் துறைமுக ஆபீஸ்ல வேலை பார்த்தவன். ஆபீஸ் செலவுல ஊர் சுத்த எல்.டி.சி. கிடைக்கும்போதெல்லாம், மகளோட ஆசைக்காகக் குடும்பத்தோட காலிம்போங் மலைக்குக் கிளம்பிடுவான். மதினி குடலைப் பிடிச்சுக்கிட்டு எப்படியோ ஹோட்டல் வரைக்கும் வந்து சேருவாங்க. அதுக்கு மேல மலையில ஒரு வியூ பாயிண்ட். அந்தக் காலத்துல திபெத்துலேருந்து கோவேறு கழுதையில கம்பளி கொண்டுவந்த வியாபாரிங்க மூட்டையை இறக்கி வச்சுட்டு நின்ன கல்மேடை. கீழே கிடுகிடு பள்ளம், அடியில டீஸ்டா ஆறு. அங்க போறப்ப மட்டும் அண்ணன், "நீ வேண்டாம் மாதங்கி, வளைவு ஜாஸ்தி, ரூம்ல இரு"ம்பான். அப்பனும் மகளும் போயிட்டு வருவாங்க. மதினி சூட்கேஸுக்குக் காவல். ஊர் திரும்பினதும் பக்கத்து வீட்டு பௌதி, அதான் பெங்காலி மதினி, "அந்த மேடை பார்த்தீங்களா?"ன்னு கேட்டா, மதினிக்கு முகமே செத்துப்போகும்.

போன பூஜா லீவுக்குத் திரும்பவும் போனோம். இந்தத் தடவை நானும் கூட. காலையில ஹோட்டல் வாசல்ல ஜீப் வந்து நின்னுது. அண்ணன் "நீ வேண்டாம்"னு வாயைத் திறக்கறதுக்குள்ள மதினி முன்கதவைத் திறந்து, டிரைவர் பக்கத்துல ஏறி உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிட்டாங்க. மடியில ஒரு கத்தை பாலிதீன் பை.

"வாந்தி வரும்ட்டி"ன்னான் அண்ணன்.

"வரட்டும். என் வாயிலதானே வருது? உங்க சட்டையிலயா எடுக்கேன்?"

மகள் சுபிக்ஷாவுக்குத் தமிழைவிட பெங்காலிதான் நல்லா வரும். "மா, தொமார் கொஷ்டோ ஹொபே"ன்னு கெஞ்சினா.

"கஷ்டப்படத்தாண்டி போறேன். எத்தனை வருஷம் ரூம்ல சுகமா இருந்தாச்சு! ஏறு வண்டியில."

எனக்கு விசிலடிக்கணும் போல இருந்துச்சு.

மூணாவது வளைவுலயே ஆரம்பிச்சாச்சு. ஒரு அருவிப் பக்கம் ரெண்டாவது தடவை. அப்புறம் நான் எண்ணலை. பாவம், அந்த நேபாளி டிரைவர் ஒவ்வொரு தடவையும் ஓரங்கட்டி, "தீதி, வாபஸ்?"ம்பான். மதினி வாயைக் கொப்பளிச்சு, பையை முடிச்சுப் போட்டு, "ஆகே சலோ"ன்னு முன்னால கையைக் காட்டுவாங்க. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் வெறும் ஆகாசம். பின்சீட்டுலேருந்து அண்ணன், "திரும்பிருவோம், சொன்னாக் கேளு"ன்னு அரிச்சுக்கிட்டே வந்தான். வாந்தி எடுக்கிற மதினியைவிட அவன் முகம் வெளுத்திருந்துச்சு. பெண்டாட்டி மேல இவ்வளவு பாசமான்னு நான்கூட நினைச்சேன். முட்டாள் நான்.

மேடைக்கிட்ட ஜீப் நின்னுது. மதினி இறங்கினப்போ கால் தள்ளாடுச்சு. கை கொடுக்கப் போனேன், தட்டி விட்டுட்டாங்க. நேரா நடந்துபோய் கம்பியைப் பிடிச்சுக் கீழே பார்த்தாங்க. அடேயப்பா! ரெண்டு மலை நடுவுல பச்சைத் தண்ணி வளைஞ்சு போகுது, அதுக்கும் மேல நமக்குக் கீழே மேகம் ஊருது. மதினி கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"இதையா இத்தனை வருஷம் பார்க்க விடாமப் பண்ணினீங்க?"ன்னு திரும்பினா, பக்கத்துல அண்ணன் இல்லை. தூரத்துல டீக்கடைத் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிக்கிறான்.

சுபிக்ஷா அப்பனைக் காட்டி மெல்லச் சொன்னா: "பாபா மேடைப் பக்கமே வரமாட்டார்மா. எல்லாத் தடவையும் அங்கதான் நிப்பார். உன்கிட்ட சொல்லாதேன்னு சொல்வார்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! விறுவிறுன்னு போனேன். "அடப்பாவி! பயந்தாங்கொள்ளி நீ. ரூம்ல அடைஞ்சு கிடந்தது அவங்களா?"

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. பின்னாலேயே வந்த மதினியைத்தான் பார்த்தான். "கீழே பார்த்தா தலை சுத்துது மாதங்கி, காலெல்லாம் கூசுது. நீ கூட வந்தா தெரிஞ்சு போயிடும். நீ சிரிப்பியோன்னு..."

மதினி சிரிக்கலை. அழவும் இல்லை. அந்த மூஞ்சியை நான் முப்பது வருஷத்துல பார்த்ததில்லை. இன்னிக்கு இவன் தொலைஞ்சான்னு நினைச்சேன்.

கத்தையில மிச்சமிருந்தது ஒரே பை. அதை உதறிப் பிரிச்சு அண்ணன் கையில திணிச்சாங்க.

"வாந்தி வந்தா இதுல எடுங்க. எடுத்துட்டு வாங்க. நான் அப்படித்தான் வந்தேன்."

"என்னால முடியாது மாதங்கி. கையாவது பிடிச்சுக்கோ."

"பிடிக்க மாட்டேன். நடங்க."

மதினி திரும்பிப் பார்க்காம மேடையைப் பார்த்து நடந்தாங்க. அண்ணன் தூணை விட்டான். பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, அவங்க குதிகாலையே பார்த்தபடி பின்னால போனான்.