மாசி மகத்துத் தொன்னைகள்

என் வீட்டுக்காரர் உப்பிலிக்கு அப்படியொரு பிடிவாதம். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடலோரம் இருக்கும் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் மடைப்பள்ளிச் சமையல் அவர்தான். அவர் புளியோதரைக்காகவே திருப்போரூரிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். நானே பெருமை பேசக் கூடாது. பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் எங்கள் ஊருக்குக் குப்பையைத் தரம் பிரிக்கும் திட்டம் வந்தது. மக்குவதற்கு ஒரு வாளி, மக்காததற்கு ஒரு வாளி. தள்ளுவண்டியோடு வந்து வாங்கிப்போகிறவள் பெயர் வேண்டா. தெருவே முணுமுணுத்தபோது முதல் ஆளாக வாளிகளை வாசலில் வைத்தவர் இவர். அதோடு சும்மா இருந்தாரா? மாசி மகத்தன்று பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, பிரசாதத்தை பிளாஸ்டிக் கப்பில் தரமாட்டேன், மந்தாரை இலைத் தொன்னையில்தான் தருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

கோயில் நிர்வாகி சடையப்பன் ஒரு கண்டிஷனோடு சம்மதித்தார்.

"இந்த வாட்டி பார்க்கலாம், சாமி. கூட்டம் கலைஞ்சதும் மணல்ல பிளாஸ்டிக் கெடந்துதுன்னா, அடுத்த வருஷம் பழையபடி கப்புதான். அப்புறம் நீங்க வாயே தொறக்கக் கூடாது."

இவராவது, வாயை மூடுவதாவது!

மகத்தன்று பெருமாள் கடலாடினார். ஜனங்கள் மணலில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். ஒரு தொன்னைகூட ஒழுகவில்லை. அப்பாடா என்று நானும் உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் வந்தது வினை. சாப்பிட்ட தொன்னையைப் போடுவதற்கு வேண்டாவின் குப்பை டிரம்மைக் கழுவி வைத்திருந்தார் இவர். பெருமாள் பிரசாதம் ஒட்டியிருக்கும் இலையைக் குப்பை டிரம்மில் யார் போடுவார்கள்? அபசாரமாயிற்றே! மணலில் போட்டால் காலில் மிதிபடும். ஆகவே பக்திமான்கள் தங்கள் பையிலிருந்த கேரி பேக்கை எடுத்து, தொன்னையைப் பத்திரமாக அதில் முடிந்து, சவுக்கு மரத்தடியில் வைக்க ஆரம்பித்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்டால்தானே!

"அய்யரே, இன்னா இது? எல்லாரும் கவர்ல கட்டிகட்டி வெச்சிகினு கீறாங்க. போச்சு!" என்று வேண்டா ஓடிவந்தாள்.

இவர் முகம் சுண்டிவிட்டது. ஒரு நிமிஷம்தான். காய்கறி வந்த மூங்கில் கூடையை இழுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தின் நடுவில் நின்று, இரண்டு கையையும் நீட்டினார்.

"இங்கே கொடுங்கோ. பெருமாள் நந்தவனத்துக்கு உரமாப் போகும்."

"ஐயோ சாமி, எச்சில் இலை!" என்று ஒரு அம்மாள் பதறினாள். மடைப்பள்ளிக்காரர் மடியோடு இருக்கிறவர், எச்சிலைத் தொடலாமா? எனக்கே மனசு ஒப்பவில்லை.

"பெருமாள் பக்தா சாப்ட்ட மிச்சம், பாகவத சேஷம்மா இது. இதிலே எனக்கென்ன தீட்டு? கொடுங்கோ."

அந்த அம்மாள் கொடுத்தாள். அவ்வளவுதான், வரிசையே கட்டிவிட்டார்கள். மரத்தடியில் வைத்தவர்கள் திரும்பிப் போய் முடிச்சை அவிழ்த்துத் தொன்னையை எடுத்து வந்தார்கள். காலிக் கவர்களை வேண்டா ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சாக்கில் திணித்தாள்.

கடைசியாகச் சடையப்பன் கையில் தொன்னையோடு வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். இவர் நீட்டிய கையை மடக்கவில்லை. சடையப்பன் குனிந்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

"அடுத்த வருஷத்துக்கும் தொன்னைக்கே சொல்லிடுங்க, சாமி."

வீட்டுக்கு வந்தவர், "தொடாதேடி கோதை, இன்னும் குளிக்கலை" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். விரலெல்லாம் நல்லெண்ணெயும் புளியும். கல்யாணமான நாளிலிருந்து, குளிக்காமல் வந்த மனுஷருக்கு நான் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. அன்றைக்குக் காப்பியை ஆற்றி எடுத்துக்கொண்டு போய், அந்தக் கையிலேயே கொடுத்தேன்.