அண்ணா கேட்ட காலை உணவு

“இல்லத்தில் வாழ்பவர் எதை உண்ண விரும்புகிறார் என்பதை முதலில் அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.” அண்ணா தம் இறுதி மாதங்களைக் கழித்த பராமரிப்பு இல்லத்தின் உணவு விதிகளில் இதுவே முதலாவது. வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். இரண்டு நாடுகளின் அரச அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சுவரில் ஏறிய விதி பெரும்பாலும் மேசைக்கு இறங்கி வருவதில்லை என்பதைப் பழக்கத்தால் அறிவேன்.

அண்ணாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும், ஒருவருடைய வாழ்வை நான் சாப்பாட்டில் தொடங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இனி முறைப்படி பிறப்பிலிருந்து வருகிறேன்.

அண்ணா ஊர்காவற்றுறையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் தகப்பனாரான ஐயா துறைமுகத்தில் எழுதுவினைஞர். அண்ணா பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் ஐயா காலமானார். எங்கள் பகுதி இளைஞர்கள் பலர் அப்போது கிரேக்கக் கப்பல்களில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணாவும் மேற்படிப்பை விட்டுவிட்டு ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் சேர்ந்தார். அவர் அந்தச் சூட்டில் நின்றதால்தான் நான் விசிறிக்குக் கீழே இருந்து படித்தேன். கடலில் பட்ட கஷ்டம் எதையும் அவர் எங்களுக்கு எழுதியதில்லை. கடிதம் முழுவதும் சாப்பாடாகவே இருக்கும்.

அந்தக் கடிதங்களின் உபயத்தால் கிரேக்கர்களின் காலை உணவைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நகரத்து ஆட்கள் பாதிப்பேர் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. மண்டி படிந்த கடுங்கோப்பியைச் சின்னக் கோப்பையில் குடித்துவிட்டு, தெருவில் விற்கும் எள்ளுத் தூவிய வளையப் பாண் ஒன்றைக் கடித்தபடி வேலைக்கு ஓடுவார்கள். ஊர்ப்புறத்தில் பாண், ஒலிவ் காய், உப்புநீரில் ஊறிய ஆட்டுப்பால் சீஸ், தக்காளி. தேன் விட்ட கட்டித் தயிரும் உண்டு. குளிர்காலத்தில், புளித்த பாலில் கோதுமையைக் காய்ச்சி உலர்த்தி வைத்ததைக் கரைத்துக் கஞ்சியாகக் குடிப்பார்களாம். அது எங்கள் பழஞ்சோற்றுத் தண்ணிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று அண்ணா எழுதியிருந்தார்.

அவருடைய உணவு இவற்றுள் எளியது. வாற்கோதுமை ரஸ்க். கிரேக்கர் அதைப் பக்சிமாதி என்பார்கள். செங்கல்லைப் போல இருக்கும். அதை அப்படியே கடிப்பவன் ஊருக்குப் புதியவன். ஒருமுறை தண்ணீரில் நனைத்து, இளகும்வரை வைத்து, மேலே தக்காளியைத் துருவிப் போட்டு, ஒலிவ் எண்ணெய் விட்டு, சீஸை உதிர்த்துச் சாப்பிட வேண்டும்.

நியூசிலாந்துக்கு வந்து கிளென்ஃபீல்டில் குடியேறிய பின்னரும் அண்ணாவுக்கு விடிவது இந்த ரஸ்க்கோடுதான். அண்ணி எங்கள் எல்லோருக்கும் இடியப்பமும் சொதியும் பரிமாறிவிட்டு, அவருக்கு முன்னால் தக்காளியையும் துருவியையும் வைப்பார். “என்ரை இடியப்பத்துக்குத் தப்பிறதுக்கு இந்த மனிசன் ஒரு நாட்டையே கூட்டிக்கொண்டு வந்திருக்கு,” என்பது அண்ணியின் வழக்கமான பேச்சு. நாங்கள் சிரிப்போம். அண்ணாவும் சிரிப்பார். தக்காளிக்காக மினக்கெட்டு, காய்கறித் தோட்டங்கள் உள்ள புக்கெகோஹி வரை கார் ஓட்டுவார். வழியில் கேட்பவர்களுக்கெல்லாம் லிஃப்ட் கொடுப்பார். புதிதாக வந்த பிள்ளைகள் பலருக்கு ஓக்லாந்தில் முதல் வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவர் அவர். அவர்களில் சிலர் இப்போது எங்களைவிடப் பெரிய வீடுகளில் இருக்கிறார்கள். அண்ணாவுக்கு அதில் பெருமை தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

அண்ணியின் மறைவுக்குப் பின் பிளாட் புஷ்ஷில் மகள் வாசுகியோடு வசித்தார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்த பிறகு, அவருடைய விருப்பத்தோடுதான் இல்லத்தில் சேர்த்தோம். சேர்க்கும்போது உணவுப் பகுதியில் வாசுகி “தமிழ்ச் சைவம்” என்று எழுதினாள். “கிரேக்கச் சாப்பாடு எண்டு எழுதினா எங்களை என்னெண்டு நினைப்பினம், மாமி?” என்று பின்னர் என்னிடம் கேட்டாள். பாவம், அவளும் எங்கள் ஆள்தானே.

இல்லத்தாரோ பண்பாட்டை மதிப்பவர்கள். காலைதோறும் அண்ணாவுக்கு உப்புமாவும், மஞ்சள் போட்ட பருப்புத் தண்ணீர் ஒன்றும் வந்தன. அண்ணா தட்டைத் தள்ளிவைத்தார். நோய்க்குப் பின் அவருக்குச் சொற்கள் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆங்கிலச் சொல் வராத இடத்தில் கப்பலில் பழகிய கிரேக்கச் சொல் முந்திக்கொண்டு வந்தது. அந்தப் பகுதித் தாதிகளில் ஒருவரான செல்வி மதுரைப் பெண். அவள் வாசுகிக்குப் போன் செய்தாள்.

“அக்கா, அப்பா கப்பல்ல இருக்குற மாதிரி பேசுறாரு. ஏதோ புரியாத பாஷையில ரொட்டி கேக்குறாரு. மேல எழுதிட்டாங்கக்கா.”

எழுதியிருந்தது இதுதான்: “குழப்பம் காணப்படுகிறது. தம்மைக் கிரேக்கர் என எண்ணுகிறார்.” அடுத்தபடியாக, அவரை மறதிநோய்ப் பகுதிக்கு மாற்ற ஆலோசிப்பதாக வாசுகிக்கு அறிவித்தார்கள். அந்தப் பகுதியின் கதவு இலக்கம் அழுத்தினால்தான் திறக்கும். உள்ளிருப்பவர்களுக்கு அந்த இலக்கம் சொல்லப்படாது. அறிவு தெளிவாக இருக்கும் மனிதரை அங்கே வைத்துவிட்டால், பதிவில் எழுதியது சில மாதங்களில் தானாகவே உண்மையாகிவிடும்.

நான் போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

“அண்ணா, இப்ப எங்கை இருக்கிறியள் எண்டு தெரியுமோ?”

“தெரியும். நீ எங்கை இருக்கிறாய்?”

“பகிடி விடாதேங்கோ. அவையள் உங்களுக்கு மூளை பிசகிப்போச்சு எண்டு எழுதியிருக்கினம். ஏன் இஞ்சை வந்து கிரேக்கச் சாப்பாடு கேட்டனீங்கள்?”

“பசிச்சது,” என்றார்.

பிறகு, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, நாற்பது ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் அவருடைய கப்பல் கிரேக்கத் துறைமுகம் ஒன்றில் பழுதுபார்ப்புக்காக நின்றது. வேலையாட்களைக் கரையில் ஒரு வீட்டில் தங்கவைத்திருந்தார்கள். கொழும்பில் தமிழருக்கு நடந்தது வானொலியில் வந்தது. நான் அப்போது கொழும்பில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு அகதி முகாமில் இருந்தேன். அண்ணாவுக்கு எங்களைப் பற்றி எந்தத் தகவலும் கிடைக்கவில்லை.

“நீ உயிரோடை இருக்கிறியோ எண்டு தெரியாது. எனக்கு ஒண்டும் இறங்கேல்லை. அந்த வீட்டுக்கார மனுசிக்கு என்ரை பாஷை தெரியாது. ஒண்டும் கேக்கேல்லை. விடிய ரஸ்க்கை நனைச்சு வைச்சிட்டு எனக்கு முன்னாலை இருப்பா. நான் சாப்பிட்டு முடிக்குமட்டும் எழும்பமாட்டா. உன்ரை தந்தி வரும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான்.”

“இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?”

“நீயும் உன்ரை அண்ணியும் அதை வைச்சு நல்லாச் சிரிச்சனீங்கள். அதை ஏன் கெடுப்பான்?”

பின்னர் நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். மருத்துவரின் மதிப்பீடு முடியும்வரை இடமாற்றம் கூடாது என்று எழுத்தில் ஆட்சேபித்தேன். பதிவைத் திருத்தக் கோரித் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். நிர்வாகி மரியாதையானவர். பண்பாட்டுக்கேற்ற உணவைத்தானே கொடுக்கிறோம் என்றார். அவரிடம் கேட்டீர்களா என்றேன். கணினியில் இருக்கிறதே என்றார். பண்பாடு என்ற கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடமிருக்கிறது என்றும் விளக்கினார். ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் வாழ்ந்ததுதான் அண்ணாவின் குற்றம் என்று புரிந்துகொண்டேன்.

பார்வையாளர் கொண்டுவரும் உணவைக் குளிர்பெட்டியில் வைக்காமல் உடனே உண்ணலாம் என்று ஒரு விதி இருந்தது. அது சட்டமிட்டு மாட்டப்படவில்லை, ஆகவே பயன்பட்டது. காலையில் நானோ வாசுகியோ ரஸ்க்கும் தக்காளியும் கொண்டுபோவோம். விழுங்குவதற்கு இலகுவான உணவு மட்டுமே கொடுக்கலாம் என்ற நிபந்தனையை, நன்றாக நனைந்த ரஸ்க் எந்தச் சிரமமும் இல்லாமல் நிறைவேற்றியது. செல்வி முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, “அட, இதுக்கா இவ்ளோ கலாட்டா? எங்க ஊர்ல டீயில முக்கித் திம்போம்,” என்றாள். அன்றைய குறிப்பில், கேட்ட உணவு கிடைத்ததும் முழுவதும் உண்டார் என்று எழுதினாள்.

எங்களில் ஒருவர் எப்போதும் அவருக்கு முன்னால் இருப்போம். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்புவதில்லை.

மருத்துவர் வந்து நாள், கிழமை, இடம், பிரதமர் எல்லாம் கேட்டார். அண்ணா ஆறுதலாக, அவசரமில்லாமல் சொன்னார், சரியாகவும் சொன்னார். இங்கே ஏதாவது குறை உண்டா என்ற கேள்விக்குக் கோப்பி என்றார். இடமாற்றப் பேச்சு அன்றோடு நின்றது. ஆனால் பதிவில் இருந்த வரி மட்டும் அப்படியே இருந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

அண்ணா ஆவணி மாத அபரபக்கச் சதுர்த்தசியன்று அதிகாலையில், நித்திரையில், வேதனை எதுவுமின்றி இறைவனடி சேர்ந்தார். முதல் நாள் காலையில் தட்டில் ஒன்றும் மீதம் வைக்கவில்லை.

அவருடைய இறுதிக் காலத்தில் உதவிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வேலை முடிந்த பிறகும் அண்ணாவின் தலைமாட்டில் நின்ற செல்விக்கு. கடையில் ரஸ்க் தீர்ந்துபோகுமுன் எங்களுக்கென்று எடுத்துவைத்த சீஸ் கடைக்காரருக்கு. கிரியைகளை நடத்தியதோடு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் படையலில் ரஸ்க்கும் தக்காளியும் இருப்பதைப் பார்த்து, “அவர் சாப்பிட்டதெண்டால் வையுங்கோ,” என்று ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொன்ன குருக்களுக்கு. தூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினருக்கும், போனிலே அழுத நண்பருக்கும் எம் நன்றி. மதிப்பீட்டை நேர்மையாகச் செய்த மருத்துவருக்கும் நன்றி. நிர்வாகிக்கும் நன்றி சொல்ல, என் விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை இடம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறவில்லை. இறந்தவரின் பதிவைத் திருத்தி யாருக்கு என்ன பயன் என்று இல்லத்தில் கேட்டார்கள். அண்ணாவைப் பற்றி இந்த நாட்டில் கடைசியாக எழுதப்பட்ட வரி பொய்யாக இருக்கக்கூடாது என்று பதில் சொன்னேன். காலமானவரின் சட்டப் பிரதிநிதி என்ற முறையில் வாசுகி கையெழுத்திட்டாள். நினைவூட்டல்களை நான் எழுதினேன். எனக்கு நேரம் இருந்தது.

குழப்பம் என்ற குறிப்பு நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக இப்போது இருப்பது: “காலை உணவாக நனைத்த ரஸ்க், தக்காளி, சீஸ் கேட்டார். தெளிந்த அறிவோடு கேட்டார்.” இந்த மலர் அச்சுக்குப் போகக் காத்திருந்தபோது, திவசத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, ஆவணி மாத அபரபக்கத் துவாதசியன்று பதில் வந்தது.