பொட்டு வைத்த டிஸ்க்

காரிமங்கலத்தைச் சுற்றி எந்த ஊரில் போர் மோட்டார் நின்றாலும் மாரப்பனைத்தான் தேடி வருவார்கள். ஆயுத பூஜை வந்துவிட்டால் அந்த மனிதரைப் பிடிக்க முடியாது. ஸ்பேனர், பைக் எல்லாம் முடித்து, மிக்சி, டேபிள் ஃபேன், டி.வி. ரிமோட் வரை துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார். "வருசமெல்லாம் நமக்கு ஒழைக்கிறத ஒரு நாளு குளிப்பாட்ட வேண்டாமா?" என்பார். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அவர் மனைவி தீர்த்தம்மாள், ரிமோட்டில் காய்ந்த சந்தனத்தை மறுநாள் ஊக்கால் சுரண்டிக்கொண்டே திட்டுவாள்.

மாரடைப்பில் அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பூஜையை ஒரு பொருள் விடாமல் இப்போது அவள்தான் செய்கிறாள்.

அவர் குரல் அவளிடம் இருந்தது ஒரே ஒரு வீடியோவில். அவர் போனில் எடுத்து அவளுக்கு அனுப்பியது, நாற்பது விநாடி. யாருடைய தோட்டத்திலோ போரில் தண்ணீர் பீறிட்டு அடிக்க, நனைந்த சட்டையோடு நின்று, "தீர்த்து, தண்ணி வந்துருச்சு பாரு! வூட்டுக்கு வர்றப்ப என்ன வாங்கியாரட்டும்?" என்று கேட்பார். தினமும் பால் காய்வதற்குள் ஒருமுறை பார்த்துவிடுவாள்.

இடமில்லை, இடமில்லை என்று போன் நச்சரித்ததால், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கலைவாணன் படம், வீடியோவைச் சேமித்து வைக்கும் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி வந்தான். வைஃபைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு டிஸ்க்கைச் சொருகி, போனில் இருந்த அத்தனையையும் அதற்கு மாற்றினான்.

"ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கும்மா. ஒன்னு கெட்டாலும் இன்னொன்னு இருக்கும். போன்ல அழிச்சரலாம்."

அழித்தும் விட்டான். அதன்பின் பெட்டியில் இருந்த வீடியோவைத்தான் அவள் போன் வழியாகப் பார்த்தாள். இரண்டும் ஒரே பெட்டியில்தானே இருக்கிறது என்று கேட்க அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவு படித்த பிள்ளைக்கும் தோன்றவில்லை.

ஆயுத பூஜையன்று, மாரப்பன் சொல்லிக்கொடுத்தபடி முதலில் சுவிட்சை அணைத்தாள். இரண்டு டிஸ்க்கையும் உருவி, ஈரத்துணியால் துடைத்து, தங்கமாய் மின்னிய முனைதான் முகம் என்று நினைத்து அதில் பொட்டு வைத்தாள். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பச் சொருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது, பெட்டி கத்தியது. பயந்துபோய் உருவி, பொட்டை அழித்து, முந்தானையால் துடைத்து மறுபடி சொருகினாள். கத்தல் நின்றது. போனில் இங்கிலீஷில் என்னவோ கேட்டது. பெட்டி வந்த அன்று கலைவாணன் படித்துப் பார்க்காமலே மூன்று முறை அழுத்திய அதே நீலப் பட்டன். அவளும் மூன்று முறை அழுத்தினாள். பச்சை விளக்கு வந்தது. அப்பாடா என்று வீடியோவைத் தேடினாள். ஒன்றுமே இல்லை.

மறுநாள் பஸ் பிடித்து ஓடி வந்த கலைவாணன், தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்கெல்லாம் போன் போட்டான். சந்தனம் எதையும் அழிக்கவில்லை, டிஸ்க்கைப் புதிதாக்கும் அந்த நீலப் பட்டன்தான் அழித்திருக்கிறது, திரும்பக் கிடைப்பது கஷ்டம் என்று எல்லாரும் ஒரே பாட்டாகச் சொன்னார்கள். அப்பாவின் பழைய போனும் எப்போதோ செத்துவிட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"அந்த வீடியோவ வேற யாருக்காச்சும் அனுப்பியிருக்கியாம்மா? சித்திக்கு, மாமாவுக்கு?"

தீர்த்தம்மாள் பெட்டியின் ஓரத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை ஊக்கால் சுரண்டினாள்.

"அது உங்கப்பா என்னையக் கேட்டது சாமி. அத யாருக்குன்னு அனுப்புவேன்?"