பறந்து போன கூரை

சூறாவளி அடித்த மறுவருடம், சாய்ந்தமருதில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பை என்னிடம் தந்தார்கள். வேலைக்கு நான் புதியவள். கதை சொல்லுங்கள் என்றால் பிள்ளைகள் வரிசையாக எழுந்து பாடப்புத்தகத்து நரியையே ஒப்புவிப்பார்கள். அதே நரி, அதே ராகம். எனக்கு இருப்புக் கொள்ளாது. கரும்பலகைக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "நரிய விடுங்க. உங்கட வீட்டில நடந்தத வெச்சி ஒரு கதை கட்டுங்க," என்றேன்.

 ஒரு சின்னவள் எழும்பினாள். கடலுக்கு மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த அவளுடைய வாப்பா அப்போதுதான் சவூதிக்கு வேலைக்குப் போயிருந்தார்.

"காத்தில எங்கட தென்னோலைக் கிடுகுக் கூரை பறந்து போயிட்டு டீச்சர். போய்ப் போய் சவூதிக்கே போயிட்டு. அங்க வாப்பாக்கு நிழலாக நிக்கிது."

"பிறகு?"

"தெரியா," என்று உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கூரை வகுப்பையே பிடித்துக்கொண்டது. வழியில் அது கடலில் விழுந்தது என்றான் ஒருவன். அதன்மேல் சுறா ஏறிப் படுத்தது என்றாள் இன்னொருத்தி. நான் எதையும் திருத்தவில்லை. சத்தம் கேட்டுப் பள்ளி அதிபர் எட்டிப் பார்த்தார்.

"பாடம் நடக்குதா, சந்தை நடக்குதா? பெற்றார் கூட்டம் வருது. பிள்ளையள் என்ன படிச்சிருக்கெண்டு அதில காட்டுங்க பாப்பம்."

எனக்கோ கவலை பிடித்தது. காட்ட இந்தக் கதைதான் இருந்தது; அதற்கோ முடிவே இல்லை. கேட்டால் அந்தச் சின்னவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்வாள். நிந்தவூரில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது நானே முடிவுகளைக் கட்டிப் பார்ப்பேன். வகுப்பில் அவற்றைச் சொல்லிவிடாமல் நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

கூட்டத்தன்று அவளுடைய உம்மா கைக்குழந்தையோடு பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் எழுந்து கதை சொன்னாள்; வாப்பாவின் தலைக்குமேல் கூரை நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டாள். கையிலிருந்த சோக்குக் கட்டியை நான் பொடியாக்கிக்கொண்டிருந்தேன்.

"கூரை திரும்பி வந்து வீட்டுக்கு மேல குந்திட்டு!" என்று ஒருவன் கத்தினான்.

அவள் சட்டென்று திரும்பினாள். "இல்ல, அப்பிடியில்ல! அது வந்திச்சி. வந்து பாத்தா வாப்பா காசனுப்பி வீட்டுக்கு ஓடு போட்டிரிக்காரு. கூரைக்கு இடமில்ல. வீட்டு வளவுக்குள்ள நிண்டு அழுதிச்சி. உம்மாதான் அத எடுத்து ஆட்டுக்குக் கொட்டில் கட்டினா."

எல்லோரும் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். "ஓடு இன்னம் போடல்ல டீச்சர். ஆடும் இல்ல. இவள் இதெல்லாம் எங்க இருந்து எடுக்கிறாள்?" மகளைப் பார்த்து, "வாப்பாக்குக் கெசட்டில கதைச்சிப் பதிஞ்சி அனுப்பக்குள்ள இதையும் சொல்லுவமா?" என்று கேட்டார்.

"ஓம். ஆனா முடிவ மாத்தணும்."

கெசட் போன பிறகு, எந்த முடிவைச் சொன்னாய் என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது வாப்பாக்குச் சொன்ன கதை டீச்சர்," என்றாள்.