தவளை போடும் வேலை

எங்கள் சித்தப்பா காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் கிணற்றடிக்குப் போவார். ஒரு சின்னக் கல்லை உள்ளே போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். ‘ளொடக்’ என்று கேட்டால்தான் அவருக்கு டீ இறங்கும்.

“கல்லைப் போட்டுப் போட்டே கிணத்தைத் தூத்துடப் போறீங்க” என்பார் சித்தி.

சுற்றியிருந்த வயல்கள் எல்லாம், மேட்டுக் குளத்தோடு சேர்த்து, ஒரே ஒரு பெரிய மனிதரின் கைக்குப் போயின. எங்கெங்கே தனக்கு நிலம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாதாம். சித்தப்பா மட்டும் தன் கத்தரித் தோட்டத்தை விற்கவில்லை. மற்ற வயல்களின் உழுத மண்ணில் புல்தரை விரித்து, ‘இயற்கையைக் காப்போம்’ என்று பலகை நட்டார்கள். அந்தப் புல்லை ஒரு மாடு எட்டிப் பார்த்தாலும் காவலாளி விசில் ஊதுவார்.

ஒரு மழைக்காலத்தில் முதலாளி, புல்தரை நடுவே கட்டிய வீட்டில் இயற்கையோடு வாழ வந்தார். மறுநாள் காலையிலேயே மேனேஜர் எங்கள் வாசலில் நின்றார்.

“குளத்துல தவளை கத்துது. ஐயாவுக்குத் தூக்கமே இல்ல.”

“ஐயா வந்தது அதுங்களுக்குத் தெரியாது சார். சொல்லி வைக்கலாம்னா, அதுல யாரு பெரியவருன்னு தெரியலையே” என்றார் சித்தப்பா.

உள்ளே நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மேனேஜர் சிரிக்கவில்லை.

“குளத்தை மூடப்போறோம். லாரி வரும், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

சித்தப்பாவின் முகம் மாறியது. “குளம் போச்சுன்னா என் கிணத்துல ஊத்து நின்னுடும் சார். கத்தரி காஞ்சிடும்.”

“கிணறு உங்க பேர்லதானே இருக்கு? அதை யாரும் தொடமாட்டோம்.”

தொடவில்லை. சொன்ன சொல் தவறாதவர்கள். குளம் மேடானது. தவளைகள் போனதும், புல்லில் தேங்கிய நீரில் கொசு பெருகியது. கொசுவுக்கு அடித்த மருந்தில் தேனீயும் தட்டானும் செத்தன. புல்லுக்காக அவர்களுடைய ஆழ்துளைக் கிணறு ஓயாமல் இறைத்தது. சித்தப்பாவின் கல் முதலில் ‘சொத்’ என்றது, பிறகு ‘டக்’.

அடுத்த முறை வந்த முதலாளி, “சத்தமே இல்லையே, இயற்கையாவே இல்ல” என்று வருத்தப்பட்டாராம். உடனே மரத்துக்கு மரம் ஸ்பீக்கர் கட்டினார்கள். மாலையில் அதில் தவளைச் சத்தம் போட வேண்டும், ஐயா படுக்கப் போகும்போது நிறுத்த வேண்டும். அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கத்தரி காய்ந்து சும்மா உட்கார்ந்திருந்த சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள்.

“போயிட்டு வாங்க. தவளையில யாரு பெரியவருன்னு கேட்டீங்களே, கிடைச்சுட்டாரு” என்றார் சித்தி.

சித்தப்பா இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறார். குடிக்கத் தண்ணீர் அந்த வீட்டுக் குழாயிலிருந்து வருகிறது, சித்தி குடத்தில் பிடித்து வருகிறார். கிணறு இன்னும் சித்தப்பா பேரில்தான் இருக்கிறது.